பென்டிரைவைச் செருகிய பிறகு: வாசகர் கேள்வி – பதில்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளின் போக்கே மாறிவிட்டது. முன்பு 'லினக்ஸ் என்றால் என்ன, எந்த லினக்ஸ் நல்லது' என்று கேட்டவர்கள் இப்போது பென்டிரைவைச் செருகிவிட்டு, பாதியில் மாட்டிக்கொண்டு எழுதுகிறார்கள். அதனால் இந்த முறை முழுக்க லினக்ஸ் இன்ஸ்டால் சமாச்சாரம்தான் (லினக்ஸ் என்பது விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளம்; உபுண்டு, டெபியன், ஃபெடோரா எல்லாம் அதன் வகைகள், அதாவது விநியோகங்கள்). ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: உபுண்டு போட உட்கார்ந்தேன். மொழி, கீபோர்டு, வைஃபை எல்லாம் நன்றாகப் போயிற்று. டிஸ்க் பற்றிக் கேட்கும் பக்கம் வந்ததும் பயந்துபோய் லேப்டாப்பை மூடிவிட்டேன். முழு டிஸ்கையும் அழித்து நிறுவலாம் என்று ஒரு வழி, பார்ட்டிஷன்களை (டிஸ்கின் பகுதிகளை) நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள் என்று இன்னொரு வழி. விண்டோஸோடு சேர்த்து நிறுவும் வழி ஒன்று வரும் என்றார்களே, அது எங்கே போயிற்று? இதை ஏன் சார் இன்னும் எளிதாக்காமல் வைத்திருக்கிறார்கள்?

பதில்: மூடியது நல்லதுதான், ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அந்தப் பக்கம் வரை இன்ஸ்டாலர் உங்கள் டிஸ்கில் எதையும் எழுதியிருக்காது.

நீங்கள் தேடிய மூன்றாவது வழி உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷனைச் சுருக்க முடியும் என்று இன்ஸ்டாலருக்கு உறுதியானால்தான் அது திரையில் வரும். முடியாமல் போக வழக்கமான காரணங்கள் சில உண்டு. விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் போட்டு டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். இப்போது வரும் பல லேப்டாப்புகளில் நாம் கேட்காமலே அது ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியால், ஷட்டவுன் கொடுத்தாலும் கணினி அரைத் தூக்கத்திலேயே கிடக்கும், அந்த நிலையில் உள்ள பார்ட்டிஷனைத் தொடக் கூடாது. பழைய எம்பிஆர் முறையில் பிரித்த டிஸ்காக இருந்தால், அதில் அனுமதிக்கப்படும் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்களும் தீர்ந்துபோயிருக்கலாம். அல்லது வெறுமனே இடமே இல்லாமல் இருக்கலாம்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்கில் நகலெடுங்கள், இதைத் தவிர்க்க வழியே கிடையாது. பிட்லாக்கர் ரெக்கவரி கீயை (பூட்டைத் திறக்கும் நீண்ட எண்ணை) தாளில் எழுதி வையுங்கள். விண்டோஸுக்குள்ளேயே பிட்லாக்கரை அணைத்து, டிஸ்க் மேனேஜ்மென்ட் மூலம் பார்ட்டிஷனைச் சுருக்கிக் காலி இடம் விடுங்கள். அப்புறம் ஷட்டவுன் கொடுக்காமல் ரீஸ்டார்ட் கொடுத்துப் பென்டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள், ரீஸ்டார்ட்டில் அந்த அரைத் தூக்கம் வராது.

ஏன் எளிதாக்கவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன், எனக்கும் நெடுநாளாக எரிச்சல் தருகிற விஷயம் இது. மூன்றாவது வழியைக் காட்டாமல் மறைக்கிறதே, அந்த நேரத்தில் ஏன் மறைக்கிறோம் என்று இன்ஸ்டாலருக்குத் தெரியும். தெரிந்தும் பல காலம் வாயைத் திறக்காமல் இருந்தது. இப்போது உபுண்டு இன்ஸ்டாலர் பிட்லாக்கரைக் கண்டால் அதை வெளிப்படையாகச் சொல்கிறது, மாற்றம் நல்ல திசையில்தான் போகிறது. ஆனால் எல்லாக் காரணங்களுக்கும் எல்லா இன்ஸ்டாலர்களும் இப்படிப் பேசுவதில்லை. 'இந்த வழி கிடைக்காது, காரணம் இது, முதலில் இதைச் செய்துவிட்டு வாருங்கள்' என்று மூன்று வரி காட்டினால் உங்களைப் போன்றவர்கள் லேப்டாப்பை மூட வேண்டி வராது.

டிஸ்க் பெயர்களும் இதே கதைதான். எஸ்டிஏ (sda), என்விஎம்இ0என்1 (nvme0n1) என்று வெறும் பெயரைப் போட்டால் யாருக்குப் புரியும்? என்விஎம்இ என்ற வேகமான வகை டிஸ்க் உள்ள கணினியில் பெரும்பாலும் எஸ்டிஏ என்பது நீங்கள் செருகிய பென்டிரைவேதான்! எஸ்டிஏதான் முதல் டிஸ்க் என்று பழைய குறிப்புகளில் படித்துவிட்டு வருபவர் அங்கே குழம்பாமல் என்ன செய்வார்? தயாரிப்பாளர் பெயர், மாடல், அளவு, உள்ளே இப்போது என்ன இருக்கிறது, இந்த நான்கையும் சேர்த்துக் காட்டினால் போதும். டெபியன் இன்ஸ்டாலர் பார்க்கப் பழையதாக இருந்தாலும் இந்த இடத்தில் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. கடைசியில் எந்த டிஸ்கில் எந்தப் பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்யப் போகிறது என்று பட்டியல் போட்டு, எழுதவா என்று கேட்டு, முன்கூட்டியே 'இல்லை' என்பதைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும். அவசரத்தில் என்டரைத் தட்டினாலும் டிஸ்க் தப்பித்துவிடும். எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பின்னால் மாற்றிக்கொள்ளும்படி பிரிக்கும் முறை), என்கிரிப்ஷன் (குறியாக்கம்) போன்றவற்றைக் கேட்டிருந்தால் இதே கேள்வி நடுவிலும் ஒருமுறை வரும், அதையும் நிதானமாகப் படியுங்கள்.

கேள்வி: எனக்கு இன்னும் மோசம். புது லேப்டாப், 512 ஜிபி எஸ்எஸ்டி. இன்ஸ்டாலரில் டிஸ்கே தெரியவில்லை, பென்டிரைவ் மட்டும்தான் தெரிகிறது. எஸ்எஸ்டி கெட்டுப்போய்விட்டதா?

பதில்: விண்டோஸ் ஓடுகிறதல்லவா, அப்போது எஸ்எஸ்டி நன்றாகத்தான் இருக்கிறது. இன்டெல் பிராசசர் என்றால் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற சேமிப்பு அமைப்பு ஆன் ஆகியிருக்கலாம், அதன் பின்னால் டிஸ்க் ஒளிந்துகொள்கிறது. அதை அணைத்து ஏஹெச்சிஐ அல்லது நேரடி என்விஎம்இ முறைக்கு மாற்ற வேண்டும்.

ஆனால் கொஞ்சம் பொறுங்கள்! சட்டென்று மாற்றினால் இருக்கும் விண்டோஸ் நீலத் திரை காட்டி நின்றுவிடலாம். முதலில் விண்டோஸை அடுத்த முறை சேஃப் மோடில் தொடங்கும்படி அமைத்துவிட்டு, ரீஸ்டார்ட் செய்து, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை விண்டோஸுக்குள் போய்விட்டு, அப்புறம் வழக்கமான முறைக்குத் திரும்புங்கள். இடையில் பிட்லாக்கர் கீ கேட்கலாம், அதனால்தான் தாளில் எழுதச் சொன்னேன்.

கேள்வி: டெபியன் போடும்போது வைஃபை கார்டுக்கு ஃபர்ம்வேர் (கார்டை இயக்கும் சிறு மென்பொருள்) இல்லை என்று சொல்லிப் பாதியில் நிற்கிறது. நெட் இருந்தால்தான் ஃபர்ம்வேரை இறக்க முடியும், ஃபர்ம்வேர் இருந்தால்தான் நெட் வரும். என்ன கொடுமை இது?

பதில்: நீங்கள் வைத்திருப்பது பழைய ஐஎஸ்ஓ (இறக்கிப் பென்டிரைவில் எழுதும் இன்ஸ்டால் கோப்பு) என்று நினைக்கிறேன். டெபியன் 12, 2023 ஜூன் 10 அன்று வந்தது. அதிலிருந்து அதிகாரபூர்வ ஐஎஸ்ஓவிலேயே இந்த ஃபர்ம்வேர் கோப்புகள் இருக்கின்றன. புதியதை இறக்கிப் பாருங்கள், அநேகமாகப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இதற்குப் பின்னால் நீண்ட விவாதம் உண்டு. இந்தக் கோப்புகளுக்கு மூல நிரல் கிடைக்காது, சிப் தயாரிப்பாளர் கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். கட்டற்ற மென்பொருள் மட்டுமே தருவோம் என்று உறுதி கொண்ட டெபியன், அவற்றைத் தன் அதிகாரபூர்வ ஐஎஸ்ஓவில் சேர்க்காமலே பல வருடம் இருந்தது. ஃபர்ம்வேரோடு கூடிய ஐஎஸ்ஓ ஒன்றும் இருந்தது, ஆனால் அதிகாரபூர்வமற்றது என்ற பெயரோடு ஒரு மூலையில் கிடக்கும், விஷயம் தெரிந்தவர் மட்டும் தேடி எடுப்பார். 2022-இல் டெபியன் உருவாக்குநர்கள் வாக்கெடுப்பு நடத்தி, சேர்த்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள்.

எதிர்த்தவர்களின் வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன், கொள்கையை ஒருமுறை தளர்த்தினால் எங்கே போய் நிற்கும் என்ற கவலை நியாயமானது. ஆனாலும் ஈதர்நெட் துளையே இல்லாத லேப்டாப்புகள் பெருகிவிட்ட காலத்தில், வைஃபை இல்லாத இன்ஸ்டாலர் கொள்கையைக் காப்பாற்றவில்லை, ஆட்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியது. எந்த ஃபர்ம்வேர் ஏறியது என்பதையும் இப்போது பார்த்துக்கொள்ளலாம். வேண்டாம் என்பவர்கள் அதை அணைத்துவிட்டும் நிறுவலாம். இதைவிட நல்ல சமரசம் எனக்குத் தோன்றவில்லை.

உடனே வேலை நடக்க வேண்டுமா? போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் ஆன் செய்யுங்கள். பெரும்பாலும் இன்ஸ்டாலர் அதை ஒரு கேபிள் நெட்வொர்க்காக எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: உபுண்டுவுக்கு ஒரு இன்ஸ்டாலர், ஃபெடோராவுக்கு ஒன்று, ஓபன்சூசேவுக்கு ஒன்று. எல்லோரும் உட்கார்ந்து ஒரே இன்ஸ்டாலரை நன்றாகச் செய்யக் கூடாதா?

பதில்: ஓரளவு நடந்திருக்கிறது. கலமாரெஸ் என்று ஒன்று உண்டு, எந்த விநியோகத்துக்கும் பொருந்தும்படி எழுதப்பட்டது. மஞ்சாரோ, லுபுண்டு, என்டெவர்ஓஎஸ், கேடிஇ நியான் எல்லாம் அதைத்தான் பயன்படுத்துகின்றன. சிறிய குழுக்களுக்கு அது பெரிய வரம்.

பெரிய விநியோகங்கள் வராததற்குக் காரணம், அவர்களுக்கு லேப்டாப் மட்டும் கணக்கு இல்லை. ஒரே இன்ஸ்டாலர் திரையே இல்லாத சர்வரிலும் ஓட வேண்டும், ஆளே இல்லாமல் நூற்றுக்கணக்கான கணினிகளிலும் ஓட வேண்டும், ரெய்டு, ஐஸ்கஸி என்று நாம் வீட்டில் பார்க்கவே பார்க்காத சேமிப்பு வகைகளையும் கையாள வேண்டும். அந்தச் சுமையெல்லாம் சில நேரம் நம் திரையில் வந்து விழுகிறது.

ஃபெடோரா 18-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், 2013 ஜனவரியில் வந்தது. அனகோண்டா இன்ஸ்டாலரைப் புதிதாக எழுதினார்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கம் வருவதை விட்டுவிட்டு, நடுவில் ஒரு முகப்பு, அதிலிருந்து எந்தப் பகுதிக்கும் போய்வரலாம் என்ற அமைப்பு. யோசனையாகக் கேட்டால் சுதந்திரம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் முதன்முறை போடுபவருக்கு எங்கே தொடங்குவது, எது முடிந்தது என்றே பிடிபடாது. முடித்ததும் அழுத்த வேண்டிய பொத்தான் திரையின் இடது மேல் மூலையில் இருக்கும், கண்ணோ வலது கீழ் மூலையில் தேடிக்கொண்டிருக்கும். அதற்குக் கிடைத்த திட்டு கொஞ்சநஞ்சமல்ல. 2025 ஏப்ரலில் வந்த ஃபெடோரா 42-இன் வொர்க்ஸ்டேஷன் பதிப்பில்தான் மறுபடியும் படிப்படியாகப் போகும் புதிய முகம் வந்தது. ஓபன்சூசே லீப் 16-ம் அதே ஆண்டு அக்டோபரில் அகாமா என்ற புதிய இன்ஸ்டாலரோடு வந்திருக்கிறது. ஆக, தனித்தனியாகச் செய்தாலும், ஒருவர் பட்ட பாட்டைப் பார்த்து மற்றவர் கற்றுக்கொள்வது நடக்கிறது.

கேள்வி: ஆர்ச் லினக்ஸைக் கையால் கட்டளை கட்டளையாக அடித்துப் போட்டால்தான் லினக்ஸ் தெரிந்தவன் என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?

பதில்: ஒருமுறை செய்து பார்த்தால் பார்ட்டிஷன், மவுன்ட், பூட்லோடர் எல்லாம் நன்றாகப் புரியும். அதற்கு மேல் அதில் பெருமை ஒன்றும் இல்லை. ஆர்ச்சே 2021 ஏப்ரலிலிருந்து ஐஎஸ்ஓவில் ஆர்ச்இன்ஸ்டால் என்ற வழிகாட்டியைச் சேர்த்துவிட்டது, இதை உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு புரோகிராமிங் தெரியாது. ஆனால் இன்ஸ்டால் செய்யும்போது பட்ட அவஸ்தையை யாரிடமாவது சொல்லித் திருத்த வைக்க வேண்டும் என்று இருக்கிறது. என்னால் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: இந்த மாதம் வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில், இன்ஸ்டாலரில் உள்ள பிழைக்கும் மற்ற பிழைகளுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பிரவுசரில் பிழை என்றால் அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும். இன்ஸ்டாலர் பிழை ஐஎஸ்ஓவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த ஐஎஸ்ஓ வரும்வரை இறக்குபவர் ஒவ்வொருவரும் அதே குழியில் விழ வேண்டியதுதான். நெட் இருந்தால் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் வசதி உபுண்டு இன்ஸ்டாலரில் இருக்கிறது, ஆனால் நெட்டே வராதவருக்கு அதனால் என்ன பயன்? அதனால் வெளியீட்டுக்கு முன்பே, பீட்டா ஐஎஸ்ஓ வரும்போதே போட்டுப் பார்த்துச் சொல்பவர்தான் அவர்களுக்கு மிகவும் வேண்டியவர். உங்கள் ஒரே லேப்டாப்பில் போடச் சொல்லவில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் அல்லது க்னோம் பாக்ஸஸ் மென்பொருளில், உங்கள் கணினிக்குள்ளேயே ஓடும் ஒரு பொய்க் கணினியை உருவாக்கிப் போடுங்கள், உடைந்தால் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடந்தால் இன்னும் நல்லது, நிஜ வன்பொருளில் வரும் கோளாறு பொய்க் கணினியில் வராது.

இதையெல்லாம் இயந்திரமே செய்யாதா என்று கேட்கலாம். செய்கிறது. ஓபன்கியூஏ என்ற கருவியை ஓபன்சூசேவும் ஃபெடோராவும் பயன்படுத்துகின்றன; பொய்க் கணினிக்குள் இன்ஸ்டாலரை ஓடவிட்டு, ஒவ்வொரு திரையையும் படமெடுத்து, எதிர்பார்த்த படத்தோடு ஒப்பிடும், பொத்தானையும் அதுவே அழுத்தும். ஆனால் அந்தப் பொத்தானைப் பார்த்து ஒரு மனிதர் பயந்து லேப்டாப்பை மூடினார் என்பது அதற்குத் தெரியாதே. முதல் கேள்வி கேட்ட வாசகரைப் போன்றவர் எழுதினால்தான் உண்டு.

சரி, எப்படி எழுதுவது? 'இன்ஸ்டால் ஆகவில்லை, மோசமான மென்பொருள்' என்று எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. எந்த ஐஎஸ்ஓ, அதன் முழுப் பெயர் என்ன, பென்டிரைவில் எதைக் கொண்டு எழுதினீர்கள், ரூஃபஸா, எட்சரா, வென்டாயா, கணினி மாடல், பூட் ஆனது யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையிலா பழைய பயாஸ் முறையிலா, எந்தப் பக்கத்தில் எதை அழுத்தினீர்கள், என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள், என்ன நடந்தது. இவ்வளவும் இருந்தால் அது தங்கம். அனுப்புவதற்கு முன் ஐஎஸ்ஓவின் எஸ்ஹெச்ஏ256 எண்ணைச் சரிபார்த்துவிடுங்கள், இறக்கும்போதே பழுதான கோப்புக்காக இன்ஸ்டாலரைத் திட்டுவது அடிக்கடி நடக்கிறது.

லாக் கோப்புகள் (நடந்ததையெல்லாம் பதியும் குறிப்புகள்) பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று: பென்டிரைவிலிருந்து ஓடும் அமைப்பு எழுதுவதெல்லாம் பொதுவாக நினைவகத்தில்தான் இருக்கும். இன்ஸ்டால் பாதியில் நின்றதும் கோபத்தில் ரீஸ்டார்ட் செய்தால் நடந்ததற்கான சாட்சியம் எல்லாம் போய்விடும். ரீஸ்டார்ட்டுக்கு முன்பே இன்னொரு பென்டிரைவைச் செருகி, வார் கோப்புறைக்குள் லாக், அதற்குள் இன்ஸ்டாலர் என்ற கோப்புறை (/var/log/installer) இருந்தால் அதை அப்படியே நகலெடுங்கள். டெபியன் இன்ஸ்டாலரின் மெனுவில் லாகைச் சேமிக்கத் தனி வரியே உண்டு. அனுப்பும் முன் அதில் உங்கள் வைஃபை பெயர், கடவுச்சொல் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். டெபியனுக்கு அனுப்புவதாக இருந்தால் நிறுவல் அறிக்கை என்றே தனிப் பிரிவு உண்டு, நன்றாக முடிந்த இன்ஸ்டாலுக்கும் அறிக்கை அனுப்பலாம், அதுவும் அவர்களுக்கு உதவும்.

இன்னொரு வழி, எனக்குத் தெரிந்து இதைச் செய்பவர்கள் குறைவு. லினக்ஸ் போடாத ஒருவரை உட்கார வைத்து, பக்கத்தில் நீங்கள் வாயைத் திறக்காமல் உட்காருங்கள். எங்கே தயங்குகிறார், எந்த வரியை இரண்டாம் முறை படிக்கிறார், எங்கே உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். உதவி செய்யக் கை பரபரக்கும், அடக்கிக்கொள்ள வேண்டும். அந்தக் குறிப்பை அப்படியே எழுதி அனுப்புங்கள். பத்து வருடமாக அதே இன்ஸ்டாலரை எழுதுபவருக்கு அந்தத் திரைகள் எல்லாம் பழகிப்போய்விட்டன, எது புரியாது என்பது அவருக்கே தெரியாது.

கேள்வி: இன்ஸ்டாலரைத் தமிழில் வைத்தேன். அப்புறம் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்கும் இடத்தில் தமிழ் எழுத்தே விழுகிறது, முன்னே போக முடியவில்லை.

பதில்: டெபியனில் கீபோர்டு தேர்ந்தெடுத்த பிறகு, தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற எந்த விசை வேண்டும் என்று ஒரு கேள்வி வரும். வலது ஆல்ட், கேப்ஸ் லாக் என்று பட்டியல் நீளமாக இருக்கும், நம்மில் பலர் படிக்காமல் தாண்டிவிடுவோம். அங்கே தேர்ந்தெடுத்த விசையை அழுத்தினால் மாறும். உள்நுழையும் பெயர் சிறிய ஆங்கில எழுத்துகளில்தான் இருக்க வேண்டும். முழுப் பெயரைத் தமிழில் தாராளமாக எழுதலாம். அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இப்போது எந்த மொழி ஓடுகிறது என்று காட்டி, மாற்ற ஒரு பொத்தானும் வைத்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. மேலே சொன்னபடி அறிக்கை எழுத உங்களுக்கு இதுவே நல்ல விஷயம்.

இன்னொன்று, டெபியனில் தமிழ் வேண்டுமென்றால் கிராஃபிகல் இன்ஸ்டாலைத் தேர்ந்தெடுங்கள். எழுத்து மட்டும் காட்டும் கருப்புத் திரை முறையால் தமிழ் எழுத்துகளைச் சரியாகச் சேர்த்துக் காட்ட முடியாது.

கேள்வி: டிஸ்கை என்கிரிப்ட் செய்து போட்டேன். இன்ஸ்டாலில் கொடுத்த அதே கடவுச்சொல்லை பூட் ஆகும்போது கொடுத்தால் தவறு என்கிறது. நூறு சதவீதம் சரியாகத்தான் அடிக்கிறேன்.

பதில்: அந்த ஆரம்பத் திரையில் கீபோர்டு அமைப்பு வேறாக இருக்கலாம். நீங்கள் அடிப்பது அட் குறியாக இருக்கும், அதற்குப் போய்ச் சேர்வது மேற்கோள் குறியாக இருக்கும், திரையிலோ புள்ளிகள்தான். அமெரிக்க கீபோர்டு என்று நினைத்துக்கொண்டு, எந்தக் குறி எந்த விசையில் இருக்கும் என்று பார்த்து அடியுங்கள். மறுபடி போடுவதாக இருந்தால் எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்ட நீளமான கடவுச்சொல் வையுங்கள்.

கேள்வி: எல்லாம் முடிந்தது, ஆனால் பூட் மெனுவில் விண்டோஸைக் காணோம்!

பதில்: பத்திரமாகத்தான் இருக்கும். பூட் மெனுவைக் காட்டும் கிரப் மென்பொருளின், 2021-இல் வந்த 2.06 பதிப்பிலிருந்து மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர், பாதுகாப்புக் காரணத்துக்காக இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. கிரப் அமைப்புக் கோப்பில் அதை ஆன் செய்து மெனுவைப் புதுப்பியுங்கள். அதுவரை கணினியின் சொந்த பூட் மெனுவிலிருந்து விண்டோஸுக்குப் போகலாம்.

கேள்வி: ஒரு பயிற்சிக்கூடத்தில் முப்பது கணினிகளுக்கு ஒரே மாதிரி லினக்ஸ் போட வேண்டும். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து அதே கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டுமா?

பதில்: வேண்டாம். டெபியனில் ப்ரீசீட், ஃபெடோராவில் கிக்ஸ்டார்ட், உபுண்டுவில் ஆட்டோஇன்ஸ்டால் என்று பெயர், விஷயம் ஒன்றுதான்: பதில்களையெல்லாம் ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்துவிட்டால் இன்ஸ்டாலர் கேட்காமலே போட்டு முடிக்கும். கோப்பை முதலிலிருந்து எழுதிக் கஷ்டப்பட வேண்டாம். ஒரு கணினியில் கையால் போடுங்கள். ஃபெடோரா என்றால் ரூட் (நிர்வாகி) பயனரின் கோப்புறையில் அனகோண்டா-கேஎஸ் என்ற பெயரில், உபுண்டு என்றால் முன்பு சொன்ன அதே லாக் கோப்புறையில் ஆட்டோஇன்ஸ்டால் பெயரில், நீங்கள் சொன்ன பதில்கள் கோப்பாகக் காத்திருக்கும். அதை எடுத்து, கணினிப் பெயர், டிஸ்க் பகுதிகளை மட்டும் உங்களுக்கு ஏற்ப மாற்றி, முதலில் பொய்க் கணினியில் ஓட்டிப் பாருங்கள்.

டிஸ்க் பகுதியை நன்றாகப் படியுங்கள். அழிக்கச் சொல்லி எழுதியிருந்தால் எதையும் கேட்காமல் அழித்துவிடும். அந்தப் பென்டிரைவின்மேல் பெரிதாக எழுதி ஒட்டி, மற்ற பென்டிரைவ்களோடு கலக்காமல் தனியாக வையுங்கள்.